கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியும் உணர்ச்சி யாருடையது?

கேள்வி இது: "புதிதாகக் கேமரா வாங்கியிருக்கிறேன். ஊரில் அப்பத்தாவை உட்கார வைத்து நிறையப் படங்கள் எடுத்தேன். கலரில் சாதாரணமாக இருந்ததால் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். பெரிய ஆட்களின் படங்களில் முகம் அப்படியே பேசுகிறது. எனக்கு மட்டும் அது வரவில்லை. கறுப்பு வெள்ளையில்தான் மனிதனின் ஆன்மா தெரியும் என்கிறார்களே, உண்மையா? நான் எதைத் தவறவிடுகிறேன்?"

ஆன்மா பற்றிய வாசகம் கனடாவின் பத்திரிகைப் புகைப்படக்காரர் டெட் கிராண்ட் சொன்னதாக வழங்குவது. கலரில் எடுத்தால் உடையை எடுக்கிறீர்கள், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஆன்மாவை எடுக்கிறீர்கள் என்பது அதன் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது. உடை பற்றிய பாதி ஓரளவு சரி. ஆன்மா பற்றிய பாதியை நான் நம்புவதில்லை. நிறத்தை எடுத்துவிட்டால் முகத்தோடு போட்டி போடும் சில சமாச்சாரங்கள் ஒதுங்கும். அதற்காக முகத்தில் இல்லாத ஒன்று புதிதாக வந்துவிடாது. அந்த நிமிடத்தில் முகத்தில் என்ன இருந்தது என்பது பெரும்பாலும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. மீதியைப் பார்ப்பவர் கொண்டுவருகிறார். உங்கள் படத்தில் குறைவது மாற்றும் மென்பொருளில் இருக்க வாய்ப்பு குறைவு.

இதை விளக்க ஒட்டாவாவுக்குப் போக வேண்டும். 1941 டிசம்பர் 30. கனடா நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு வின்ஸ்டன் சர்ச்சில் சபாநாயகரின் அறைக்கு வருகிறார். அங்கே விளக்குகளைத் தயார் செய்து காத்திருக்கிறார் புகைப்படக்காரர் யூசுஃப் கார்ஷ். இன்றைய துருக்கியில் உள்ள மார்தின் என்ற ஊரில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, அகதியாகக் கனடா வந்து சேர்ந்தவர். படம் எடுக்கப் போகிறார்கள் என்று சர்ச்சிலிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. எரிச்சலோடு ஒரே ஒரு படத்துக்கு ஒப்புக்கொள்கிறார். வாயில் சுருட்டு. கார்ஷ் ஆஷ்ட்ரேயை நீட்டுகிறார், சர்ச்சில் கண்டுகொள்ளவில்லை. கார்ஷ் கேமராவை ஒருமுறை சரிபார்த்துவிட்டு நேராகப் போய், "மன்னியுங்கள் ஐயா" என்று சொல்லி, வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கிவிடுகிறார். திரும்பி வந்து ஷட்டரை அழுத்தும்போது சர்ச்சில் தன்னை விழுங்கிவிடுவதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு எழுதினார்.

உலகம் அந்தப் படத்தில் கண்டது வேறு. ஹிட்லருக்கு அடிபணியாத பிரிட்டன், போரின் நடுவே அசையாமல் நிற்கும் தலைவன். 2016இல் வந்த ஐந்து பவுண்டு நோட்டில் இருப்பதும் இந்த முகம்தான். (கார்ஷ் வெகுகாலம் வாழ்ந்த ஒட்டாவா ஹோட்டலில் மாட்டியிருந்த மூலப் பிரிண்டை யாரோ திருடிவிட்டு, அந்த இடத்தில் போலியை மாட்டிவிட்டுப் போனது 2022இல்தான் தெரியவந்தது. இத்தாலியில் கண்டுபிடித்து 2024இல் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அத்தனை மதிப்பு அந்த முறைப்புக்கு.) வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்துக்கு அடுத்து சர்ச்சில் சிரித்துவிட்டு இன்னொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தச் சிரித்த படமும் இருக்கிறது. அதே அறை, அதே விளக்கு, அதே கறுப்பு வெள்ளை. யாரும் அதைப் பெரிதாக நினைவில் வைத்திருக்கவில்லை. அதில் அவர் பேரனோடு பேசிக்கொண்டிருக்கும் தாத்தா மாதிரி இருக்கிறார்.

ஒரு சுருட்டின் மீதான கோபம் ஒரு நாட்டின் உறுதியாக மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் கறுப்பு வெள்ளைக்குப் பங்கு உண்டா என்றால், உண்டு. கார்ஷ் முகத்துக்கும் கைக்கும் தனித்தனியாக விளக்கு வைப்பவர். பின்னணியும் கோட்டும் இருட்டில் கரைந்துபோய், நெற்றியும் இடுப்பில் ஊன்றிய கையும் மட்டும் முன்னே வருகின்றன. கலரில் எடுத்திருந்தால் கன்னத்தின் சிவப்பும் பின்னாலிருந்த மரப் பலகையின் பழுப்பும் அந்த அறையையும் அந்த நாளையும் நினைவூட்டிக்கொண்டே இருந்திருக்கும். நிறம் போனதும் நாளும் அறையும் போய்விட்டன. ஒரு நிமிடத்து எரிச்சல் அவருடைய குணம் போலவே தெரிய ஆரம்பித்துவிட்டது. கறுப்பு வெள்ளையின் உண்மையான பலம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆபத்தும் இதில்தான் இருக்கிறது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடோன் இதை இன்னும் கொஞ்சம் ஈவிரக்கமில்லாமல் செய்தார். 1957இல் வின்ட்சர் கோமகனையும் அவர் மனைவியையும் எடுக்கப் போனார். காதலுக்காக முடி துறந்த பிரிட்டன் மன்னர் எட்டாம் எட்வர்டுதான் அந்தக் கோமகன். கேமராவைப் பார்த்தாலே இருவரும் பழகிப்போன புன்னகையை மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கு நாய் என்றால் உயிர். வரும் வழியில் தான் வந்த டாக்ஸி ஒரு நாயின் மேல் ஏறிவிட்டது என்று அவெடோன் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு எடுத்தார். பின்னாளில் அவரே சொன்ன கதை இது. முகம் தொங்கிப்போன, துயரமான தம்பதியாக இருவரும் பதிவானார்கள். பார்த்தவர்கள் அதில் இழந்த சிம்மாசனத்தையும் வீணான வாழ்க்கையையும் படித்தார்கள். படித்தது தவறு என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த முகங்களில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது இல்லாத ஒரு நாயின் சாவு.

கலருக்கும் இது பொருந்தும். 1984இல் பாகிஸ்தானின் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த, பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம் எல்லோருக்கும் தெரியும். அதில் பயம் இருக்கிறது, போரின் வலி இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். 2002இல் அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவருக்கு நினைவிருந்தது கோபம். முன்பின் தெரியாத ஆண் தன்னைப் படம் எடுத்தான் என்ற கோபம். ஆக, போர்ட்ரெய்ட்டில் நாம் பார்ப்பது பல நேரம் எடுப்பவருக்கு எடுக்கப்படுபவர் தந்த பதில். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பாதி உயிர் போய்விடும் என்பதையும் கவனியுங்கள். செம்பழுப்புத் துணிக்கும் பச்சைக் கண்ணுக்கும் நடக்கும் மோதல்தான் அந்தப் படம். கலர் பேசும் இடத்தில் அதன் வாயை அடைக்கக் கூடாது.

சரி, முகத்தைப் பார்த்தே உணர்ச்சியைச் சொல்லிவிட முடியாதா? இதற்கு ஏறக்குறைய புகைப்படத்தின் வயதே ஆன ஒரு சோதனை இருக்கிறது. பிரான்ஸின் மருத்துவர் துஷேன் 1862இல் ஒரு நூல் வெளியிட்டார். முகத்தில் தொடு உணர்வு குறைந்துபோன ஒரு முதியவரின் முகத் தசைகளை மின்சாரத்தால் ஒவ்வொன்றாகச் சுருங்க வைத்து, அவற்றைப் படம் எடுத்திருந்தார். உதட்டை மேலே இழுக்கும் தசை மட்டும் வேலை செய்தால் அது பொய்ச் சிரிப்பு, கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்தால்தான் உண்மைச் சிரிப்பு என்று அவர் சொன்னது இன்றுவரை பேசப்படுகிறது.

அந்தப் படங்களைச் சார்லஸ் டார்வின் பார்த்தார். விளக்கம் எதுவும் சொல்லாமல் இருபதுக்கும் மேற்பட்டவர்களிடம் காட்டி, இது என்ன உணர்ச்சி என்று கேட்டார். சில படங்களுக்கு எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். சிலவற்றுக்கு ஆளுக்கொன்று சொன்னார்கள். 1872இல் வந்த தன் நூலில் டார்வின் ஒன்றை நேர்மையாக எழுதியிருக்கிறார். துஷேனின் விளக்கத்தைப் படித்துக்கொண்டே பார்த்தபோது ஏறக்குறைய எல்லாப் படமும் தத்ரூபமாகத் தெரிந்ததாம். விளக்கம் இல்லாமல் பார்த்திருந்தால் மற்றவர்களைப் போலத் தானும் குழம்பியிருப்பேன் என்கிறார். படத்தின் கீழே எழுதியிருக்கும் ஒரு வரி நம் கண்ணை எவ்வளவு வளைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நம் வீடுகளில் பார்த்த படம் ஒன்றைச் சொல்கிறேன். ரமண மகரிஷியின் மார்பளவுப் படம், 1946இல் பெங்களூரைச் சேர்ந்த வெல்லிங் எடுத்தது. நரைத்த கட்டைமுடி, வெள்ளைத் தாடி, லென்ஸை நேராகப் பார்க்கும் கண்கள், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு புன்னகை. அந்தக் கண்களில் கருணை வழிகிறது என்பார்கள் பக்தர்கள். யாரென்றே தெரியாத ஒருவரிடம் காட்டினால் அமைதியான பெரியவர் என்பார், அவ்வளவுதான். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அந்த முகம் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதால் பார்ப்பவர் கொண்டுவருவதற்கு இடம் கிடைக்கிறது. உச்சக்கட்ட உணர்ச்சியைப் பிடிக்க வேண்டும் என்று அலைபவர்கள் இந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஓவென்று அழும் முகம் சீக்கிரம் சலித்துவிடும்.

படத்தோடு வரும் எழுத்து நம் கண்ணை வளைக்கும் விஷயத்துக்கு இன்னொரு பெரிய உதாரணம், கலிபோர்னியாவின் நிப்போமோவில் 1936 மார்ச்சில் டொரத்தியா லேங் எடுத்த தாயின் படம். பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம். 32 வயதுப் பெண், தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்ந்த இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை, தாடையைத் தொடும் விரல்கள். பிள்ளைகளின் முகம் தெரியாதது அந்தப் படத்தின் பெரிய பலம். தெரிந்திருந்தால் நம் கண் மூன்று முகங்களுக்கிடையே அலைந்திருக்கும். லேங் முதலில் தூரத்திலிருந்து கூடாரத்தோடு எடுத்துவிட்டு, படிப்படியாக நெருங்கிப் போய்த்தான் இதற்கு வந்து சேர்ந்தார். அந்த வரிசையில் உள்ள மற்றப் படங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பொதுவில் இருக்கின்றன. உங்களுக்கு நான் தரும் முதல் வீட்டுப்பாடம் அவற்றை வரிசையாகப் பார்ப்பது. எது விலகியது, எது உள்ளே வந்தது என்று பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைத் தான் கேட்கவில்லை என்று லேங்கே எழுதியிருக்கிறார். 1978இல்தான் ஃப்ளாரன்ஸ் தாம்ஸன் என்ற அந்த அம்மா யாரென்று வெளியே தெரிந்தது. அவர் செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர். அந்தப் படத்தால் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று கசப்போடு சொன்னார். லேங் எழுதிய விவரங்களில் சிலவற்றைக் குடும்பத்தார் மறுத்தார்கள். படம் ஒன்றும் சின்னதாகிவிடவில்லை. ஆனால் நாற்பது வருடங்களாக அது ஒரு தாயின் முகமாக இருந்ததைவிட வறுமையின் முகமாகத்தான் இருந்திருக்கிறது.

நிறம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை நேருக்கு நேர் பார்க்க நம் நாட்டிலேயே ஒரு இடம் உண்டு. பார்ப்பது எளிதல்ல. 1984 டிசம்பர், போபால். விஷவாயு கசிந்த பிறகு ஒரு குழந்தையைப் புதைக்கிறார்கள். மண்ணுக்கு மேலே முகம் மட்டும் தெரிகிறது, கண்கள் திறந்திருக்கின்றன. அதே குழந்தையை ரகு ராய் கறுப்பு வெள்ளையில் எடுத்தார், பாப்லோ பார்த்தலமியோ கலரில் எடுத்தார். கலர்ப் படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. கறுப்பு வெள்ளைப் படம் போராட்டத்தின் அடையாளமாக நிலைத்தது.

இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. கலரில் அந்த மண் மண்ணாக இருக்கிறது, தோல் தோலாக இருக்கிறது. இது நடந்தது, இந்த ஊரில், இந்த வாரம் என்று படம் சொல்கிறது. உடம்பு கூசுகிறது. கறுப்பு வெள்ளையில் மண்ணும் கல்லும் முகமும் ஒரே சாம்பல் குடும்பத்தில் சேர்ந்துவிடுகின்றன. முகம் கல்லில் செதுக்கியது போல ஆகிறது, மண்ணை விலக்கும் கையின் அசைவு பெரிதாகிறது. பார்க்கத் தாங்குகிறது. தாங்குவதால் நீண்ட நேரம் பார்க்கிறோம், சுவரில் ஒட்டுகிறோம், பதாகையில் தூக்கிப் பிடிக்கிறோம். எதில் உணர்ச்சி அதிகம் என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடையாது. கலர் பக்கத்தில் இழுக்கிறது, கறுப்பு வெள்ளை ஓர் அடி தள்ளி நிற்க வைக்கிறது. துக்கத்துக்கு அந்த ஓர் அடி தேவைப்படலாம். சாட்சிக்கு அது இடைஞ்சல்.

இனி உங்கள் அப்பத்தா. தொழில்நுட்பமும் கொஞ்சம் பேச வேண்டும்.

"டீசாச்சுரேட்" என்ற பட்டனைத் தட்டினால் நிறம் போகும், ஆனால் எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்ற முடிவை யாரோ எடுத்திருப்பார்கள். டிவி காலத்திலிருந்து வழங்கும் ஒரு கணக்கில் பச்சைக்குச் சுமார் 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 விழுக்காடு. இது எல்லாவற்றுக்கும் பொதுவான கணக்கு, முகத்துக்கென்று போட்டதல்ல. மனிதத் தோல் எந்த நிறமானாலும் சிவப்பு வெளிச்சத்தைத்தான் அதிகம் திருப்புகிறது. சிவப்பைத் தூக்கினால் தழும்பு, பரு, சுருக்கம் எல்லாம் மங்கி, முகம் வழவழவென்று ஆகும். பச்சையை ரத்தம் உறிஞ்சும், அதனால் பச்சையை நம்பி மாற்றினால் தோலின் மேடு பள்ளமும் உதட்டின் ஓரமும் தெளிவாகும். நீலத்தைக் கூட்டினால் தோல் கறுத்து, மச்சமும் கரும்புள்ளியும் உறுத்தும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முகங்கள் ஏன் அப்படிக் காய்ந்து, வெயிலில் வெந்ததைப் போலத் தெரிகின்றன என்பதற்கு ஒரு காரணம் இது. ரசாயனம் பூசி ஈரம் காய்வதற்குள் எடுத்த அப்போதைய கண்ணாடித் தகடுகளுக்கு நீலம் மட்டும்தான் தெரியும். நீலக் கண்கள் வெள்ளையாகிவிடும், செந்நிறக் கன்னம் கறுத்துவிடும். அந்தக் காலத்து ஆட்களின் கடுமை என்று நாம் மயங்குவதில் கொஞ்சம் ரசாயனமும் கலந்திருக்கிறது.

நம் ஆட்களுக்கு இதில் தனிக் கவனிப்பு வேண்டும். அப்பத்தா குங்குமம் வைத்திருந்தால், சிவப்பைத் தூக்கியதும் பொட்டு நெற்றியோடு கரைந்து காணாமல் போகும். பச்சைப் பக்கம் வந்தால் கறுப்பாகத் திரும்பி வரும். சிவப்புச் சேலைக்குப் பச்சை பார்டர் என்றால், இரண்டும் ஒரே சாம்பலாகி பார்டரே இல்லாமல் போகலாம். லைட்ரூம் மாதிரி மென்பொருளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்லைடர் உண்டு. ஆரஞ்சு ஸ்லைடரில்தான் தோல் இருக்கிறது. அதை மட்டும் மெல்ல நகர்த்திப் பாருங்கள், முகம் எவ்வளவு மாறுகிறது என்று அசந்துபோவீர்கள்.

அதைவிட முக்கியம் வெளிச்சம். கேமராவின் மீட்டர் தன் முன்னால் இருப்பது சராசரிச் சாம்பல் என்று வைத்துக் கணக்குப் போடும். வெள்ளைச் சேலை அல்லது வெள்ளை வேட்டி சட்டையில் கறுத்த முகம் உட்கார்ந்திருந்தால், அது வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் கரிக்கட்டை ஆகும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை, முகத்தை வைத்துக் கணக்கிடுங்கள். அதற்காக நேர் எதிர்ப்பக்கமும் போக வேண்டாம். கறுப்பிலிருந்து வெள்ளை வரை உள்ள சாம்பலை எண்ணிட்ட படிகளாகப் பிரித்து, அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் வகுத்த படிநிலை முறையில் தோல் 6ஆம் படியில் இருக்க வேண்டும் என்று படித்துவிட்டு, எல்லா முகத்தையும் அங்கே ஏற்றுபவர்கள் உண்டு. அது வெள்ளையர் தோலுக்குச் சொன்ன படி. கறுத்த முகத்தை அங்கே ஏற்றினால் சாம்பல் பூசியது போல வெளிறிப்போகும்.

நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த ராய் டிகராவாவின் படங்களைத் தேடிப் பாருங்கள். 1952இல், கலைஞர்களுக்குத் தரும் குகன்ஹைம் நல்கையைப் பெற்றவர், அதைப் பெற்ற முதல் கறுப்பினப் புகைப்படக்காரர். அவருடைய பிரிண்டுகளில் பளிச்சென்ற வெள்ளையைக் காண்பதே அரிது. கரும் சாம்பலுக்குள்ளேயே முகம், கன்னம், கழுத்து என்று நூறு படிகளைப் பிரித்துக் காட்டுவார். முதலில் ஒன்றுமே தெரியாது, கண் பழகப் பழக ஆள் வெளியே வருவார். தமிழ்நாட்டில் போர்ட்ரெய்ட் கற்பவர்கள் கார்ஷைவிட டிகராவாவிடமிருந்து கற்க வேண்டியது அதிகம் என்பது என் கட்சி.

வெளுத்த முகத்துக்கு நிழல் வடிவம் தருகிறது. கறுத்த முகத்துக்கு மினுமினுப்புதான் வடிவம் தருகிறது. கன்ன எலும்பிலும் மூக்கின் மேலும் நெற்றியிலும் விழும் பளபளப்பை வைத்துத்தான் கண் முகத்தின் வளைவைப் புரிந்துகொள்கிறது. எனவே பவுடர் போட்டு அதை அழிக்காதீர்கள். கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தால் நல்லது. சின்ன விளக்கு புள்ளி புள்ளியாகப் பளபளக்கும். பெரிய, மெதுவான வெளிச்சம் பட்டை பட்டையாக வழியும். அதற்கு ஊர் வீட்டின் திண்ணையை விஞ்சிய ஸ்டூடியோ கிடையாது. தலைக்கு மேல் கூரை, எதிரே திறந்த வானம். அப்பத்தாவைத் தெருவைப் பார்த்து நேராக உட்கார வைக்காமல், தெரு ஒரு கன்னத்துப் பக்கம் வரும்படி உட்கார வையுங்கள். துஷேன் சொன்ன கண்ணோரத் தசை சுருங்கும்போது விழும் மெல்லிய மடிப்புகள் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும். கேமரா மேல் இருக்கும் ஃப்ளாஷ் அவை எல்லாவற்றையும் துடைத்துவிடும். கண்மணிக்குள் வானத்தின் ஒரு துண்டு பிரதிபலிக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் முகத்தைக் கொஞ்சம் வெளிச்சத்தின் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். லென்ஸ் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம், ஐந்தாறு அடி தள்ளி நின்றால் மூக்கு பெரிதாகாது.

சுருக்கங்களை அழிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நம் ஊர் ஸ்டூடியோக்களில் இது ஒரு தனிக் கலையாக இருந்தது. பின்னாலிருந்து வெளிச்சம் வரும் சாய்வுப் பலகையில் நெகட்டிவை வைத்து, கூர்மையாகச் சீவிய பென்சிலால் டச்சிங் செய்வார்கள். நெகட்டிவில் சுருக்கம் வெளிறிய கோடாக இருக்கும். அதில் பென்சில் ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துச் சுருக்கம் மறையும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழ்க் கருவளையம் எல்லாம் அப்படித்தான் போயின. அந்தக் கலைஞர்களைக் குறை சொல்ல மாட்டேன். சுவரில் மாட்டும் படத்தில் மனிதர்கள் தங்கள் துயரத்தைக் காட்ட விரும்பவில்லை, மதிப்பைக் காட்ட விரும்பினார்கள். அந்தக் காலத்துக் கல்யாணப் படங்களில் ஜோடி விறைப்பாக நிற்பதும் பெரும்பாலும் அதனால்தான் என்பது என் ஊகம். ஷட்டர் வேகம் கூடிய பிறகும் நம் ஊர் ஸ்டூடியோவில் சிரிப்பு உடனே வந்துவிடவில்லை. அந்த விறைப்பைப் பார்த்து உணர்ச்சி இல்லை என்று சொல்வது அவசர முடிவு. நாற்காலியின் கையைப் பிடித்திருக்கும் விரல்களைப் பாருங்கள், தெரியும்.

முகத்துக்கு உரியவர் யார் என்பதும் இதில் சேர்த்தி. பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1863இல், 48 வயதில்தான் கேமராவைத் தொட்டார். விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலைத் தலையைக் கழுவி முடியை விரித்துவிடச் சொல்லி, சட்டம் நிறைய முகமாக எடுத்த 1867ஆம் ஆண்டுப் படம் இன்றும் உலகின் சிறந்த போர்ட்ரெய்ட்டுகளில் ஒன்று. 1875இல் கணவரோடு இலங்கைக்குப் போய்விட்டார், அங்கேயே 1879இல் இறந்தார். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் தோட்டத் தொழிலாளர்களின் படங்களும் உண்டு. ஹெர்ஷல் ஹெர்ஷலாக நிற்கிறார். இவர்கள் குடியானவர்கள், சிலோன்காரர்கள் என்ற பொதுப் பெயரில் நிற்கிறார்கள். அதே கை, அதே கண், அதே ஒற்றை நிறத் தாள்.

அதனால் உங்களிடம் நான் கேட்க விரும்புவது, அப்பத்தாவைப் படம் எடுத்தபோது அவரிடம் என்ன பேசினீர்கள் என்பதுதான். "இங்க பாருங்க, சிரிங்க" என்று மட்டும் சொல்லியிருந்தால், அந்தச் சொல்லுக்கு வந்த பதில்தான் படத்தில் இருக்கும். அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் மார்கரெட் போர்க்-வைட் 1946இல் காந்தியை ராட்டையோடு எடுக்கப் போனபோது, முதலில் நூற்கக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்றார் காந்தியின் செயலர். போர்க்-வைட்டும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அப்பத்தாவுக்கு அந்த மாதிரி எதிலாவது நேரம் கொடுங்கள். வெற்றிலை மடிப்பதோ, பூக் கட்டுவதோ, பூண்டு உரிப்பதோ, கையில் ஒரு வேலை இருக்கட்டும். கூடவே உட்கார்ந்து நீங்களும் உரியுங்கள். கேமரா பக்கத்திலேயே கிடக்கட்டும். யாரைப் பற்றியாவது கதை ஆரம்பிப்பார். கதை நடக்கும்போது எடுக்க வேண்டாம். பேசுகிற வாய் படத்தில் கோணலாக விழும். சொல்லி முடித்து, அடுத்ததை யோசிக்கும் அந்த இடைவெளியில் எடுங்கள்.

சுருட்டைப் பிடுங்குவதும் நாயைக் கொல்வதும் நமக்கு வேண்டாம். அந்தப் படங்கள் பெரிய படங்கள்தான். ஆனால் கார்ஷும் அவெடோனும் அந்த ஆட்களைக் கொஞ்ச நேரத்துக்குள் திறக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அப்பத்தா தெரிந்தவர், அவசரம் ஒன்றும் இல்லை.

கேமராவில் பார்க்கும் திரையை மட்டும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டு, ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) எடுங்கள். எடுக்கும்போதே நிறத்தை மறந்து வெளிச்சத்தைப் பார்க்கப் பழகும், கோப்பில் முழு நிறமும் பத்திரமாக இருக்கும். பிடித்த ஒன்றைத் தேர்ந்து, பளபளப்பில்லாத மேட் தாளில் பெரிதாகப் பிரிண்ட் போடுங்கள். திரையில் பார்த்ததைவிடப் பிரிண்ட் இருட்டாக வரும், ஆகவே முதலில் சின்னதாக ஒன்று போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே படத்தின் கலர்ப் பிரதி ஒன்றும் போட்டு வையுங்கள். எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன், பெரியவர்களிடம் கறுப்பு வெள்ளைப் படத்தை நீட்டினால் முதலில் வரும் கேள்வி, "ஏன், கலர்ல எடுக்கலையா?" என்பதுதான்.